கோட்டிங் அடிக்கும் முன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: சென்னிமலை பக்கம் எங்கள் வீடு. 2007-ல் கட்டியது, 1,100 சதுர அடி, தரைத்தளம் மட்டும். மாடியில் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறோம். இரண்டு வருடமாக ஐப்பசி மழைக்குப் படுக்கையறைக் கூரையில் வடக்குச் சுவரை ஒட்டி ஈரம் இறங்குகிறது. தை மாதத்துக்குள் காய்ந்துவிடுகிறது. போன மாதம் சமையலறைக் கூரையில் ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஆனால் அங்கே ஈரம் எப்போதுமே இருந்ததில்லை. வந்து பார்த்த ஒருவர், மாடி முழுக்க ரப்பர் கோட்டிங் அடித்தால் இரண்டும் சரியாகிவிடும், சதுர அடிக்கு 95 ரூபாய், 10 வருட வாரண்டி, பாதிப் பணம் முன்னால் கொடுத்துவிடுங்கள் என்கிறார். எங்கள் கொத்தனாரோ தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு காங்கிரீட் போடலாம் என்கிறார். இந்தத் தையில் மகளுக்குக் கல்யாணம். எதைச் செய்வது?

பதில்: கல்யாணத்துக்கு முன்னால் இரண்டையுமே செய்யாதீர்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம்.

படுக்கையறையில் இறங்குவது மழைத்தண்ணீர். சமையலறையில் விழுந்ததற்கு மழை காரணமாகத் தெரியவில்லை. அங்கே ஈரமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே கோட்டிங்கில் இரண்டும் சரியாகும் என்று சொல்பவர் சமையலறையில் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார், மாடியில் டேப் பிடித்துச் சதுர அடியை மட்டும் அளந்திருப்பார். 1,100-ஐ 95-ஆல் பெருக்கினால் 1,04,500 ரூபாய். அவ்வளவு பணத்தைக் கொடுத்தும் கம்பி துருப்பிடிப்பது நிற்காது.

முதலில் படுக்கையறை. கூரையில் ஈரம் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தால் நான் மாடியேறி முதலில் உட்கார்ந்து பார்ப்பது கைப்பிடிச் சுவரின் அடியைத்தான். மார்கழி விடியலுக்கும் சித்திரை உச்சி வெயிலுக்கும் நடுவே 30 அடி நீளத் தளத்தில் 30 டிகிரி வெப்பம் மாறினால், அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், பிறகு சுருங்கும். மேலே உட்கார்ந்திருக்கும் செங்கல் சுவர் அதே அளவுக்கு நீண்டு சுருங்காது. வருடக்கணக்காக இந்த இழுபறி நடந்து, சுவரும் தட்டோடும் சேரும் இடத்தில் முடி போல ஒரு விரிசல் கோடு விடும். நின்று பார்த்தால் தெரியாது. பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். வடக்கு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கோட்டில் அட்டையின் விளிம்பை வைத்து லேசாக அழுத்துங்கள். அட்டை உள்ளே போகிற இடத்தில் தண்ணீரும் போகும். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பகுதி இந்த ஓரத்தில்தான் முடிந்திருக்கிறது.

பிறகு மழைநீர்க் குழாயின் வாய். 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 400 சதுர அடிக்குப் போதும், உங்கள் மாடிக்கு மூன்று வேண்டும். இரண்டுதான் இருந்து, அதில் ஒன்றை வேப்பிலை அடைத்திருந்தால் தண்ணீர் ஓரத்திலேயே குளம் கட்டும். வாட்டம் 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையும் தண்ணீர் நிற்கிற இடத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் மழை விட்டு நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சோதனை செய்யலாம். வயலுக்கு வரப்பு கட்டுவது போல, களிமண்ணாலோ மெலிந்த சிமெண்டுக் கலவையாலோ வடக்கு ஓரத்தில் ஒரு பாத்தி கட்டி, குழாய் வாயைத் துணியால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் நிற்கட்டும். கீழே கூரையில் ஈரம் தெரிந்ததும் அதன் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். முதல் முறை ஓரத்தைச் சேர்க்காமல் நடுப்பகுதியில் மட்டும் பாத்தி கட்டினீர்கள், ஒழுகவில்லை. மறுமுறை ஓரத்தையும் சேர்த்தீர்கள், ஒழுகிவிட்டது என்றால் ஓரம்தான் குற்றவாளி. வேலை ஒரு லட்சத்துக்குப் போகாமல் 30 அடி நீள ஓரத்தோடு முடியும். சமையலறைக்கு மேலே மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது. 100 சதுர அடியில் 2 அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 470 கிலோ. நல்ல தளம் அதைத் தாங்கும், கம்பி துருப்பிடித்த தளத்தின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

ஓரம்தான் என்று தெரிந்தால் அங்கே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, விரிசல் கோட்டை அகலப்படுத்தி, அசைவுக்கு ஈடுகொடுக்கும் சீலண்ட் நிரப்பி, வலை வைத்து, மூலையை உருட்டிப் பூசி, அதன் மேல் சுவரில் ஓரடி உயரமும் தட்டோட்டில் ஓரடி அகலமும் கோட்டிங் அடிக்க வேண்டும். வெறும் சிமெண்டை வைத்து அடைத்தால் அடுத்த சித்திரையில் அதே இடத்தில் அதே கோடு விடும்.

கொத்தனார் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை, தெரிந்த வேலையைச் சொல்கிறார். ஆனால் தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி வெறும் பாரம் இல்லை, வெயில் நேராகத் தளத்தில் இறங்காமல் தடுக்கும் மெத்தை. அந்தக் காலத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதைச் சம்மட்டியால் உடைத்து எடுத்தால் நன்றாக இருக்கும் தளமும் அதிர்ந்து விரிசல் விடும், அதற்குப் பதில் போடும் காங்கிரீட்டும் வெயிலில் வெடிக்கும். தட்டோடு பாதிக்கு மேல் கழன்று, தட்டினால் டொக்கு டொக்கென்று வெறுமையாகக் கேட்டால் மட்டுமே அந்தப் பேச்சு.

இப்போது கோட்டிங்காரர். மழைக்காலத்தில் கோட்டிங் அடிக்கிறேன் என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. மேலே தட்டோடு இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும், அடியில் ஜல்லி வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் ரப்பர் போர்த்தினால் ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழேதான் இறங்கும். பெருந்துறையில் ஒரு வீட்டுக்கார அம்மா கார்த்திகையில் அடித்துவிட்டு, மாசியில் என்னை அழைத்தார். மாடி முழுக்க அப்பளம் பொரிந்தது போல உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறினேன், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வழிந்தது. மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா பேசாமல் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேரன் படிப்புக்கு வைத்திருந்த பணமாம் அது.

வாரண்டி என்பது யார் கொடுக்கும் வாரண்டி? பொருளைத் தயாரிக்கும் கம்பெனி கொடுப்பது வேறு, அடிப்பவர் தாமே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை வேறு. கம்பெனி வாரண்டியிலும் பெரும்பாலும் புது டப்பா தருவார்களே ஒழிய, கூலியும் கெட்டுப்போன கூரையும் கணக்கில் வராது. இன்னொரு பொறி பில். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். பில் இல்லாவிட்டால் அவர் உங்கள் மாடிக்கு வந்தார் என்பதற்கே சாட்சி இல்லை. பெயிண்ட் கடையில் ஆளைச் சொல்லிவிட்டால் சொன்னவருக்கும் ஒரு பங்கு போகும், அதுவும் அந்த 95-க்குள்தான் இருக்கிறது.

வீட்டுக்கு மின் இணைப்பு வேலை செய்ய உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் வேண்டும் என்று அரசு கேட்கிறது. தலைக்கு மேல் இருக்கும் கூரையைத் தொட யாருக்கும் எந்த உரிமமும் வேண்டியதில்லை, ஒரு பிரஷ்ஷும் ஒரு பைக்கும் போதும். நொந்து போய்த்தான் எழுதுகிறேன். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வேலைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். சட்டம் 3 மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிந்தவரை தீர்க்கச் சொல்கிறது. நான் அறிக்கை கொடுத்த ஒரு வழக்கு மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, அந்த வீடு இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பணம் கொடுக்கும் முன்னாலேயே இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

இனிச் சமையலறை. இதில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் ஊர் என்பதால் சொல்கிறேன்.

கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். அந்தப் பருமன் காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும். பொதுவாக மேலிருந்து தண்ணீர் இறங்கித்தான் இது நடக்கும். ஆனால் ஒழுகலே இல்லாமல் நடக்கிற வீடுகள் நொய்யல் ஆற்றோரத்தில் நிறைய உண்டு. காரணம் கட்டும்போது ஊற்றிய தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது, பாசனத்துக்காக. அதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பானது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன் கட்டிய வீடு உங்களுடையது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் காங்கிரீட் கலக்கி, அந்தத் தண்ணீரையே நிறுத்தி ஆற வைத்திருந்தால், உப்பு அன்றைக்கே உள்ளே போய்விட்டது. மேலே என்ன அடித்தாலும் அது வெளியே வராது.

எல்லாச் சென்னிமலை வீட்டுக்கும் இது பொருந்தாது. உப்பில்லாத வேறு ஆற்றுத்தண்ணீர் லாரியில் வாங்கிக் கட்டியிருந்தால் இல்லை. கம்பிக்குக் கீழே வைக்க வேண்டிய 20 மில்லிமீட்டர் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை, வைக்காமல் பலகை மேலேயே கம்பியைப் படுக்கப் போட்டிருந்தாலும் இதே போலத்தான் விழும். அதனால் கேளுங்கள்: எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள்? விழுந்த துண்டில், கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே காங்கிரீட் எவ்வளவு கனம்? துண்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். காங்கிரீட் சோதிக்கும் கூடத்தில் அதையே பொடித்துக் குளோரைடு அளவு பார்த்துச் சொல்வார்கள். அந்தக் கனம் குறைவாக இருந்து உப்பும் இல்லை என்றால் கவலை குறைவு, அந்த இடத்தோடு போகும். உப்பு என்றால் மற்ற அறைகளையும் மூங்கில் கழியால் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் போக வேண்டும்.

எப்படியானாலும் வெறும் சிமெண்டைக் குழைத்துக் கூரையில் அப்பச் சொல்லாதீர்கள், அது வருடம் தாங்காது. தளர்ந்ததையெல்லாம் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பியில் கால்வாசி கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழாய் வாய்களைச் சுத்தம் செய்யுங்கள். வடக்கு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, கைப்பிடிச் சுவரின் மேல் மடித்துச் செங்கல் வைத்து அழுத்துங்கள். சமையலறைக் கூரையில் தட்டினால் வெறுமையாகக் கேட்கும் இடத்தையெல்லாம் ஆளை விட்டுக் கொத்தி இறக்கிவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. புட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். ஓரத்து வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள், கோடை மழைக்கு முன்னால் முடிந்துவிடும். விருந்துச் சமையலைப் பின்பக்கம் கொட்டகை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூரைக்குக் கீழே பத்துப் பேர் நின்று பந்திக்குச் சமைக்க வேண்டாம்.