எல்லாக் கலங்களிலும் ஒரே டிஎன்ஏ இருக்க, எம்எச்சி-2 மட்டும் ஏன் சில கலங்களில்?

தம்பி, டென்ட்ரிற்றிக் கலம், பி கலம், மக்ரோபேஜ் ஆகிய நோயெதிர்ப்புக் கலங்கள் மட்டும் ஏன் எம்எச்சி-2 என்ற மேற்பரப்புப் புரதத்தில் பிறபொருளெதிரியாக்கியை (கிருமியின் துண்டு போன்றதை) டி கலங்களுக்குத் தாங்கிக் காட்டுகின்றன என்று கேட்டிருக்கிறீர். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். உயிரியல் படிப்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

விடை ஒரே ஒரு புரதம்: சிஐஐடிஏ.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாரும். எம்எச்சி-2 பரம்பரையலகுகளுக்கு முன்னால் எஸ், எக்ஸ், எக்ஸ்2, வை என்று சிறிய டிஎன்ஏ துண்டங்கள் வரிசையாக இருக்கும். பலகையில் கீறும்போது இடைவெளியையும் சரியாகக் கீறச் சொல்லுவேன். அந்தத் தூரம் குழம்பினால் வேலை நடக்காது. அவற்றில் ஆர்எஃப்எக்ஸ், கிரெப், என்எஃப்-வை என்ற புரதங்கள் வந்து பொருந்தும். இவை உடம்பின் அநேகமான கலங்களில் இருக்கின்றன. இருந்தும் பயனில்லை. சிஐஐடிஏ வந்து அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தால்தான் பிரதியெடுப்பு தொடங்கும். அதுவோ டிஎன்ஏயை நேரடியாகப் பற்றுவதே இல்லை!

1993 இல் ஜெனீவாவில் பெர்னார்ட் மாக்கின் குழு இதைக் கண்டுபிடித்தது. பிறந்து சில மாதங்களிலேயே தொற்று மாறி மாறி வந்து துன்பப்படும் குழந்தைகளின் நோய்தான் வழிகாட்டியது. அவர்களுடைய 6ஆம் நிறமூர்த்தத்தில் எம்எச்சி-2 பரம்பரையலகுகள் பழுதில்லாமல் இருந்தன. சிலரில் பழுது இருந்தது 16ஆம் நிறமூர்த்தத்தில், சிஐஐடிஏயில். அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் இந்தப் பாடத்தை என்னால் நடத்த முடிவதில்லை.

அப்படியென்றால் சிஐஐடிஏயை யார் இயக்குவது? அதற்கு வெவ்வேறு ஆளிகள் உண்டு. டென்ட்ரிற்றிக் கலம் முதலாவதையும் பி கலம் மூன்றாவதையும் பயன்படுத்தும். நான்காவது, இன்டர்ஃபெரோன்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்துக்குப் பதிலளிப்பது: டி கலம் அதைச் சுரந்தால் ஸ்டாற்1 என்ற புரதம் கருவுக்குள் போகும், ஐஆர்எஃப்1 என்ற இன்னொரு புரதம் உருவாகும், இரண்டும் அந்த ஆளியைப் போடும். அதனால்தான் வழமையாக எம்எச்சி-2 காட்டாத இரத்தக்குழாய்ச் சுவர்க் கலங்கள்கூட அழற்சியின்போது காட்டத் தொடங்குகின்றன.

பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கிருமியைச் சந்தித்து முதிர்ந்த டென்ட்ரிற்றிக் கலம் சிஐஐடிஏயை நிறுத்திவிடும். ஆனால் மேற்பரப்பில் எம்எச்சி-2 கூடும்! எம்எச்சி-2 ஐச் சிதைவுக்கு அனுப்பும் மார்ச்1 நொதியம் குறைவதால், வெளியே வந்த எம்எச்சி-2 சிதைவடையாமல் அங்கேயே நிற்கும். தொற்றிய இடத்தில் பிடித்த துண்டை நிணநீர்க்கணு வரை கொண்டுபோய்க் காட்ட இது மிக அவசியம். பரீட்சைக்கு வராவிட்டாலும் இதை விளங்கிக்கொள்ளும்.

காசநோய்க் கிருமியும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. அதன் லிப்போபுரதம் ஒன்று மக்ரோபேஜின் டிஎல்ஆர்2 என்ற ஏற்பி ஊடாக, இன்டர்ஃபெரோன்-காமா வந்தாலும் சிஐஐடிஏ கூடாதபடி தடுக்கிறது. எம்எச்சி-2 ஐப் பார்க்கும் சிடி4 டி கலத்தின் கண்ணில் படாமல் உள்ளேயே தங்க அதற்கு இது உதவுகிறது.

மற்ற வகையான எம்எச்சி-1 க்கு இதே வேலையைச் செய்வது என்எல்ஆர்சி5 என்ற புரதம். அதைத் தனியாகக் கேளும், எழுதுகிறேன்.