கேரவன் பூங்காவில் வேலை செய்ய என்ன சான்றிதழ் வேண்டும்?

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. எட்டு வண்டிகள் நிற்கிற அளவுக்குக் கேரவன் பூங்கா, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம், அமைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளூர் ஆட்கள் ஐந்து பேரைப் பேசி வைத்திருக்கிறோம். இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர், சமையலுக்கும் துப்புரவுக்கும் இரண்டு பெண்கள், ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன், வரவேற்பில் என் அண்ணன் மகள். ‘கேரவன் பூங்கா மேலாண்மைச் சான்றிதழ்’ என்று ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கேட்கிறது ஒரு பயிற்சி மையம். அது இல்லாமல் பதிவே கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். உண்மையா? இவர்களுக்கு என்னதான் கற்றுத் தர வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று எந்த விதி சொல்கிறது என அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அதைச் சுற்றுலாத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். கேரவன் பூங்கா நடத்துவோர் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மை. 2023இல் வந்த மாநிலச் சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் பூங்காவைப் பதிவு செய்வது வேறு, ஊழியருக்குப் படிப்பு என்பது வேறு. இரண்டையும் கலந்து சொன்னால்தான் வியாபாரம் நடக்கும்!

ஆஸ்திரேலியாவில் விடுமுறைப் பூங்கா ஊழியர்களுக்கென்றே சான்றிதழ் படிப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே இது பல தலைமுறைத் தொழில். பக்கத்துக் கேரளத்திலேயே வாகமண்ணில் முதல் பூங்கா திறந்தது 2022இல்தான். அதனால் ‘கேரவன் பூங்கா ஊழியர்’ என்ற ஒரே படிப்பைத் தேடாமல், பூங்காவில் நடக்கும் வேலையைப் பிரித்துப் பாருங்கள். மின்சாரம், கேஸ், கழிவுநீர், உணவு, அவசர உதவி என்று ஒவ்வொன்றுக்கும் தகுதியும் பயிற்சியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

உங்கள் ஐந்து பேரில் யாருக்கு அதிகப் பயிற்சி வேண்டும் என்று கேட்டால், இரவுக் காவல் பெரியவருக்கு என்றுதான் சொல்வேன். எல்லோரும் வரவேற்பில் இருப்பவருக்கு ஆங்கிலம் கற்றுத் தருவதில் தொடங்குகிறார்கள். பகலில் ஏதாவது ஆனால் நீங்கள் இருப்பீர்கள், பையன் இருப்பான், ஊரே இருக்கும். விருந்தினர் சமைப்பது, ஏ.சி. போடுவது, ஜெனரேட்டர் ஓட்டுவது, தூங்குவது எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. அந்த நேரத்தில் எட்டு வண்டிக்கும் பொறுப்பாக ஒரே ஒருவர் இருக்கிறார். அவரைக் கையில் டார்ச்சும் விசிலும் கொடுத்து உட்கார வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய தவறு.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஆகவே பெரியவருக்கு முதல் பாடம் இது: இரவு பத்து மணிக்கு மேல் எந்த வண்டியிலும் ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடக்கூடாது. ஓடினால் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ‘விருந்தினரை எழுப்பினால் முதலாளி திட்டுவாரோ’ என்ற பயம் அவருக்கு இருக்கும். திட்ட மாட்டீர்கள் என்பதை மற்றவர்கள் முன்னால் வைத்து நீங்களே சொல்லுங்கள். உள்ளே தலைவலி, மயக்கம், வாந்தி என்று யாராவது சொன்னால் கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே கொண்டுவந்து, 108க்கு அழைக்க வேண்டும். காரணத்தை அப்புறம் தேடலாம்.

அடுத்தது பாம்பு. செம்மண் பொட்டலும் சீமைக்கருவேலமும் உள்ள இடத்தில் இதைத் தவிர்த்துப் பேச முடியாது. கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்று சொல்லும்போதுதான் சந்தேகமே வரும். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் வலியும் அதிகம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்க அழைத்துப் போவது எதுவும் கூடாது. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. இரவில் விஷமுறிவு மருந்து எங்கே தயாராக இருக்கும் என்று காரைக்குடி அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு, அந்த இடத்தின் போன் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். முதலுதவிக்கு செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகின்றன. ஐந்து பேரையும் அனுப்புங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

மின்சாரத்தில் மட்டும் ‘ஓரளவு தெரியும்’ என்கிற ஆள் வேண்டாம். உங்கள் பையன் எலெக்ட்ரீசியன் பிரிவு முடித்தவனா, வேறு பிரிவா என்று பாருங்கள். ஐ.டி.ஐ. என்றால் எல்லாம் ஒன்றல்ல. எலெக்ட்ரீசியன் என்றாலும், வண்டிகளுக்கான இணைப்புகளைப் போட்டுக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தினசரி பார்த்துக்கொள்வதற்குப் பையன் போதும். ஒவ்வொரு இணைப்புக் கம்பத்திலும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எர்த் குழியைச் சித்திரை வைகாசியில் நினைவாகக் கவனியுங்கள். மண் காய்ந்து இறுகினால் எர்த் பிடிக்காது. குழியில் தண்ணீர் ஊற்றுவதும் அளந்து பார்ப்பதும் அவன் வேலையில் சேர்ந்தது. கேரவனின் உடல் உலோகம் என்பதை மறக்க வேண்டாம். எர்த் சரியில்லாமல் உள்ளே கசிவு ஏற்பட்டால், ஈரக் காலோடு படியில் ஏறுகிறவர்தான் மாட்டுவார்.

கேஸ் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் கேரவனின் தரையில் சிறு காற்றுத் துளைகள் விட்டிருப்பார்கள். எறும்பு வருகிறது, தூசி வருகிறது என்று விருந்தினர் அதைத் துணி வைத்து அடைப்பார்கள். துப்புரவுக்கு வரும் பெண்கள் அதைப் பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். கசிவைச் சோப்புத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சியில் அல்ல. வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. 1906 என்ற அவசர எண் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். உங்கள் சமையலறைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டர் அல்ல. தீயணைப்பான் பிடிக்கும் முறையைக் காரைக்குடி தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கேட்டு, நேரில் வந்து செய்து காட்டச் சொல்லுங்கள். இங்கிலாந்துப் பூங்காக்களில் பொதுவாக வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர், அதாவது இருபது அடி, இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஒன்று பற்றினால் அடுத்தது பற்றாமல் இருக்கத்தான். பிள்ளையார்பட்டிக் கூட்ட நாளில் ‘இன்னும் ஒரு வண்டியை நடுவில் விட்டுக்கலாமே’ என்று யாராவது கேட்பார்கள். நீங்களேகூடக் கேட்பீர்கள்.

கழிவுநீர் விஷயத்தில் சட்டமே பேசுகிறது. செப்டிக் டேங்குக்குள் எந்த ஊழியரையும் இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. டேங்கைச் சுத்தம் செய்ய உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் அழையுங்கள். உங்கள் ஆட்களின் வேலை, வண்டிகளின் கழிவறைப் பெட்டியைக் குறிப்பிட்ட இடத்தில் கொட்டவைத்து, கழுவவைத்து அனுப்புவது. கையுறையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். விருந்தினர் அந்தக் கழிவறைப் பெட்டியில் ஊற்றும் நீல நிற ரசாயனத்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் உங்கள் டேங்கில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து, சில வாரத்தில் நாற்றம் கிளம்பும். வந்ததுமே என்ன ரசாயனம் என்று கேட்கப் பழக்குங்கள். குடிநீர்க் குழாய் ஒன்று, கழுவும் குழாய் வேறு. நிறம் மாற்றி வாங்கினால் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பம் வராது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊரணியின் வரத்துக்கால் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. போனால் அதிகாரி வருவதற்கு முன்னால் ஊர் வந்துவிடும்.

சமையலுக்கு வருகிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பயிற்சி இருக்கிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது கணக்கு, உங்களுக்கு ஒருவர் போதும். சமைக்கும் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி. குழம்பின் ருசியை அந்த அக்காக்களுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. மிச்சமானதை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்பதைத்தான் கற்றுத் தர வேண்டும்.

வண்டியைப் பின்னால் எடுக்க வழிகாட்டுவதையும் ஒரு தனிப் பயிற்சியாக வையுங்கள். நம் ஆட்கள் ‘வா, வா, வா’ என்று தட்டிக்கொண்டே வந்து, மரத்தில் இடித்த பிறகு ‘போதும்’ என்பார்கள். வழிகாட்டுகிறவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கவே கூடாது. தரையைப் பார்ப்பதைவிட மேலே பார்ப்பது முக்கியம். கேரவன் பலவும் மூன்று மீட்டர் உயரம் வரும், நம் தெருக்களில் ஒயர்கள் எப்படித் தொங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் அண்ணன் மகளுக்கு நீண்ட ஆங்கில வகுப்பு வேண்டாம். பூங்காவுக்குத் தேவையான இருபது முப்பது வாக்கியங்கள் சரளமாக வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், அதை முதல் நாளே செய்யப் பழக வேண்டும். அப்புறம், ஊரில் உள்ள பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்காளிகளின் சொந்த வீடுகள், கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே போகக்கூடாது என்பதை விருந்தினருக்கு முகம் கோணாமல் சொல்லத் தெரிய வேண்டும். தொழிலை முறையாகப் படிக்க அவளுக்கு ஆசை இருந்தால் திருச்சி துவாக்குடியில் மாநில ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். அந்த விவரத்தை மூன்று பெண்களுக்கும் வேலையில் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் கூட்டம் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்னால் உங்கள் உறவினர்கள் இரண்டு மூன்று குடும்பங்களை வண்டியில் தங்க வையுங்கள். யாரிடமும் சொல்லாமல் இரவு பதினொரு மணிக்கு மெயின் சுவிட்சை அணையுங்கள். பெரியவர் முதலில் எங்கே ஓடுகிறார், யாருக்குப் போன் செய்கிறார், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.