அலாஸ்கா கப்பல் பயணம்: கப்பலைப் பார்க்கும் முன் பாதையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகள் சியாட்டிலில் வேலை செய்கிறாள். வரும் ஜூன் மாதம் அவளிடம் போகிறோம். அங்கிருந்து ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணம் போய் வரலாம் என்கிறாள். எனக்கு 66 வயது, என் மனைவிக்கு 61. அவருக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இருவருமே இதுவரை கப்பலில் ஏறியதில்லை. எந்தக் கப்பல் நல்லது? பால்கனி அறைக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா? குளிருக்கு என்னென்ன வாங்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குக் கனடா விசா வேண்டும்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் பயணத்துக்குக் கனடா எதற்கு என்று தோன்றும். வெளிநாட்டில் பதிவான பயணிகள் கப்பல், வேறு நாட்டைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அலாஸ்காவுக்குப் போகும் பெரிய கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து என்று வெளிநாடுகளில் பதிவானவை. ஆகவே சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நின்றுதான் திரும்புகின்றன. பெரும்பாலும் அது கடைசி நாள் மாலையாக இருக்கும். 'நாங்கள் இறங்காமல் அறையிலேயே இருந்துகொள்கிறோம்' என்பதை நம்பிப் போகாதீர்கள். ஏறும் இடத்திலேயே ஆவணங்களைப் பார்ப்பார்கள். அமெரிக்க விசா கனடாவுக்குச் செல்லாது. இந்தியாவிலிருந்து புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்துக் கைரேகையும் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க விசாவில் 'என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 'எம்' (பலமுறை நுழையலாம்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கனடா போய்த் திரும்பி நுழைய அது தேவை.

கனடா விசாவை எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள். அப்படியானால் சியாட்டிலை விட்டுவிட்டு வான்கூவரில் கப்பல் ஏறுங்கள் என்பது என் முதல் ஆலோசனை. மகள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். எல்லையில் கூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

இதற்குக் காரணம் கடல். வான்கூவர் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நீர்வழியில் வடக்கே போகின்றன. இருபுறமும் காடும் மலையும் கூடவே வரும். தீவே அலையைத் தடுத்துவிடும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் அதே தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக்கில் போகின்றன. அங்கே ஒரு நாள் முழுக்கக் கரை தெரியாமல் போகலாம், ஆட்டமும் கூடுதல். முதன்முறை கப்பல் ஏறுபவர்கள் அந்த முதல் நாளிலேயே தலைசுற்றலில் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம்.

அடுத்து, கப்பல் எந்தப் பனியாற்றுக்கு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து கடலில் இறங்கும் பனித்திரளுக்கு, போகிறது என்று பாருங்கள். நீச்சல் குளம், நாடக அரங்கம், சறுக்குப் பாதை எல்லாம் எந்தக் கடலிலும் கிடைக்கும். அலாஸ்காவுக்குப் போவது பனியைப் பார்க்கத்தான். பயண அட்டவணையில் 'கிளேசியர் பே' என்று இருந்தால் அதையே எடுங்கள். அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். அதனால் எல்லா நிறுவனங்களுக்கும் அந்த அனுமதி கிடைப்பதில்லை. 1794இல் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆய்வுக் குழு வந்தபோது அந்த விரிகுடாவே பனியால் அடைபட்டிருந்தது. இன்று பனி சுமார் 65 மைல் பின்வாங்கிவிட்டது. அந்தத் தூரமெல்லாம் இப்போது கப்பல் போகும் வழி. பூங்கா அலுவலர்கள் காலையில் கப்பலில் ஏறி, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். கோடியில் மார்ஜரி பனியாறு நிற்கிறது, நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயர நீலச் சுவராக. அதிலிருந்து பாளம் பெயர்ந்து விழுவதைக் கண் முதலில் பார்க்கும், முழக்கம் பிறகுதான் காதுக்கு வரும். அந்தக் கரையின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் அதை 'வெண்ணிற இடி' என்கிறார்கள்.

கிளேசியர் பே கிடைக்காவிட்டால் ஹப்பர்ட் பனியாறும் நல்லதே. பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில் அது இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. 'டிரேசி ஆர்ம்' என்ற ஒடுங்கிய கடற்குடாவை அட்டவணையில் பார்த்தால் மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் அங்கே பெரிய மலைச்சரிவு ஏற்பட்டது.

பால்கனியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கையில் பணம் தாராளமாக இருந்தால் எடுங்கள். காலையில் காபியோடு வெளியே உட்கார்ந்து மலையைப் பார்ப்பது பெரிய சுகம், முழங்கால் வலி உள்ளவருக்கு இன்னும் வசதி. பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டும் என்றால், அதை மிச்சப்படுத்தி, அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் திமிங்கலம் பார்க்கும் சிறு படகில் போட வேண்டும் என்பேன். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் இரை தேடி அங்கே வருகின்றன. பால்கனி இல்லாவிட்டாலும் குறையில்லை: பனியாற்றின் முன்னால் கப்பல் நிதானமாகத் திரும்பி இரண்டு பக்கத்தையும் காட்டும், மேல்தளமும் எல்லோருக்கும் பொது. எந்த அறையானாலும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகில் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு, நடையும் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். ரத்த அழுத்தம், கண் அழுத்தம் இருந்தால் சிலவற்றை எடுக்கக் கூடாது.

கரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். ஸ்காக்வே துறைமுகத்தில் ஒயிட் பாஸ் மலை ரயில் உங்கள் மனைவிக்கென்றே போட்டது போல இருக்கும். தங்க வேட்டைக் காலத்தில், 1898இல் போடத் தொடங்கிய குறுகிய பாதை அது. இருபது மைலில் 2,865 அடி ஏறுகிறது. ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். கெட்சிகன் துறைமுகத்தில் பூர்வகுடிகளின் மரத்தூண் சிற்பங்களை (டோட்டம் போல்) பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும்.

சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்தால் விலை சற்றுக் கூடும். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே பதிவு செய்துவிட்டுத் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே விமானம் பிடிக்க வேண்டும். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைபேசி ஒரு நேரமும் கப்பல் வேறு நேரமும் காட்டினால் கப்பல் நேரத்தையே நம்புங்கள்.

ஜூன் நல்ல மாதம். ஜூனோவில் காலை நான்கு மணிக்கே விடிந்துவிடும், இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். நகரங்களில் பகலில் 15 டிகிரிக்கு மேலேயே இருக்கும். பனியாற்றின் முன்னால் காற்றில் நிற்கும்போதுதான் குளிர் எலும்பைத் தொடும். குளிரைவிட மழைக்கு ஆயத்தமாகுங்கள். கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மி.மீ.க்கும் மேல் பெய்கிறது, திருச்சி மழையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. தடித்த கோட்டு ஒன்றை வாங்குவதைவிட உள்ளே தெர்மல் உள்ளாடை, நடுவில் கம்பளிச் சட்டை, மேலே தொப்பியோடு கூடிய மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காக அணியுங்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பைச் சில்லிட வைக்கும். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. உங்கள் மனைவி புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் கால்சட்டை, காலுறை, வழுக்காத மூடிய காலணி, முழங்காலுக்குக் கீழே வரும் மழைக்கோட்டு. காதை மூடும் குல்லாவும் கையுறையும் இருவருக்கும் வேண்டும். ஒரு நல்ல பைனாகுலரையும் எடுத்துச் செல்லுங்கள்.

உணவுக்குக் கவலை வேண்டாம், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்பதிவிலேயே இந்திய சைவ உணவு கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்ற சொல் மட்டும் போதாது. முட்டை, மீன், கோழிச் சாறு எதுவும் கூடாது என்று விவரமாகச் சொல்லுங்கள். முதல் இரவே உணவறையின் தலைமைப் பணியாளரைச் சந்தித்தால் மறுநாளைக்கு என்ன செய்து தரலாம் என்று அவரே கேட்டுவிட்டுப் போவார். பாக்கெட் பிரிக்காத முறுக்கு, கடலை மிட்டாய் கொண்டுபோகலாம். குக்கர், மின்சாரக் கெட்டில் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் கருதி அவற்றை வாங்கி வைத்துவிடுவார்கள்.

டிக்கெட் விலையோடு செலவு முடியாது. பணியாளர்களுக்கான அன்பளிப்பாகத் தலைக்கு ஒரு நாளைக்குப் பதினாறு முதல் இருபது டாலர் வரை கணக்கில் சேரும். காப்பீட்டில் கஞ்சம் வேண்டாம். அந்தக் கரையோர ஊர்கள் சிறியவை, ஜூனோவுக்கே வெளியூர்களிலிருந்து சாலை கிடையாது. பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவு பயணச் செலவைப் போலப் பல மடங்கு. அமெரிக்கப் பயணத்துக்கு எடுக்கும் பாலிசியில் கப்பல் பயணமும், விமானத்தில் மருத்துவமனைக்கு மாற்றும் செலவும், உங்களுக்கு ஏற்கனவே உள்ள நோய்களும் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கனடா விசா கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணமா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பல் பெயரோடு பயண அட்டவணையையும் அனுப்புங்கள், பனியாற்று நாள் எது, எத்தனை மணி நேரம் என்று பார்த்துச் சொல்கிறேன்.