மருந்து தடவிப் பார்ப்பதா, பாப் ஸ்மியரா, எச்பிவி சோதனையா?

கொளத்தூரிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு வீட்டருகே உள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்தில் புற்றுநோய்ச் சோதனையாகக் கருப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பாப் ஸ்மியரும் எச்பிவி சோதனையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். “எது சரியானது? முதலில் செய்தது வீண்தானா? என் நாத்தனார் கருப்பை வாய்ப் புற்றுநோயில்தான் போனார், எனக்குப் பயமாக இருக்கிறது” என்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “66 வயது அம்மாவையும் கூட்டிப் போகலாமா? அவருக்கு எப்போதாவது லேசாக உதிரம் படுகிறது, உடம்புச் சூடு என்கிறார்.”

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவருக்கு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதைச் சூடு என்று விடக் கூடாது. வெந்தயமும் இளநீரும் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வறட்சியால் வந்த சாதாரணப் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் கருப்பை வாயையும் கருப்பையின் உட்சுவரையும் பார்க்காமல் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்கும் மூன்று சோதனைகளும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானவை. அம்மாவுக்கு வேண்டியது மகளிர் நோய் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். அடுத்த முகாம் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. நாத்தனார் உங்களுக்கு இரத்த உறவு இல்லை. தவிர, இந்த நோய் வருவதற்குப் பரம்பரை முக்கியக் காரணமும் இல்லை. ஏறக்குறைய எல்லாருக்கும் இது எச்பிவி என்ற வைரஸால் வருகிறது. அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். தாம்பத்திய உறவில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது இந்த வைரஸ் தொற்றும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கினாலும் அது புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் புற்று வராமலே தடுத்துவிடலாம்.

உங்களுக்குச் செய்ததை வி.ஐ.ஏ. என்பார்கள். சமையல் வினிகர் அளவே செறிவுள்ள, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கொளியில் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய திசு அங்கே வெள்ளைத் திட்டாகத் தெரியும். மேசையிலிருந்து இறங்குவதற்குள் முடிவு தெரிந்துவிடும். இது ஏழைகளுக்கான மட்டமான சோதனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்துச் சிகிச்சை தந்ததாலேயே நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. ஆகவே உங்கள் சோதனை வீண் இல்லை. ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பியே இது நிற்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு, நோய் தொடங்கும் எல்லைக்கோடு கருப்பை வாயின் உள்ளே ஏறிவிடுவதால் அம்மா வயதினருக்கு இது பெரும்பாலும் பயன்படாது.

பாப் ஸ்மியரில் சிறு தூரிகையைச் சுழற்றிச் செல்களை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, உடனே ஆல்கஹாலில் போட வேண்டும். மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் உலர்ந்தாலும் செல்கள் உருக்குலைந்துவிடும். பிறகு ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே மாறியவற்றை ஒருவர் நுண்ணோக்கியில் தேட வேண்டும். ஒரே தடவை செய்தால் கணிசமாகத் தவறவிடும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை விடாமல் செய்தால்தான் இதன் பலன் தெரியும்.

எச்பிவி சோதனை செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸின் மரபணுவையே தேடுகிறது. இயந்திரம் படிப்பதால் பார்ப்பவரின் திறமைக்கேற்ப முடிவு மாறுவதில்லை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, ஒரு முறை எச்பிவி சோதனை செய்த பிரிவில் இறப்பு ஏறக்குறைய பாதியானது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் அப்படித் தெளிவான குறைவு இல்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை. மாதிரியை நீங்களே மறைவில் எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு. கூச்சத்தாலேயே வராமல் போகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

உங்களுக்கு என் பரிந்துரை: எச்பிவி சோதனை மட்டும் போதும். கூடவே பாப் ஸ்மியர் எடுப்பதால் செலவு கூடும் அளவுக்குப் பலன் கூடாது. ‘இல்லை’ என்று வந்தால் ஐந்து ஆண்டுக்கு நிம்மதியாக இருக்கலாம். இப்போது பணம் இடிக்கிறது என்றால் வி.ஐ.ஏ.வையே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

‘இருக்கிறது’ என்று வந்தால் என்ன என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகு திரும்பி வராமலே போன பெண்களை நினைத்துத்தான் நான் அதிகம் வருந்துகிறேன். அதற்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை. வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்திருக்கலாம். கணவர் உங்களையோ நீங்கள் அவரையோ சந்தேகிக்க அதில் எதுவும் இல்லை. 16 அல்லது 18 என்றால் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது. மற்ற வகை என்றால் பாப் ஸ்மியரோ வி.ஐ.ஏ.வோ செய்து முடிவெடுப்பார்கள். இங்கேதான் அவற்றுக்கு வேலை. மாறிய திசு தெரிந்தால் உறையவைத்தோ சுட்டோ மின்கம்பி வளையத்தால் எடுத்தோ அகற்றுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

மாதவிடாய் நாட்களில் மாதிரி கொடுக்க வேண்டாம். மாதிரி கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவும், பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரைகளும் கூடாது. அம்மாவை அழைத்துப் போகும் நாளிலேயே உங்களுக்கும் கேட்டுப் பாருங்கள். அன்று உங்களுக்கு மாதவிடாய் என்றால் உங்களுடையதைத் தள்ளிப்போடலாம், அம்மாவுடையதைத் தள்ளிப்போடாதீர்கள்.