தூண்டில் கேள்வி பதில்: பாலக்காடு, பொள்ளாச்சி எல்லை ஏரிகள்

கேள்வி: கம்பாலத்தறை ஏரியில் விடியற்காலை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. இரை போட்டால் ஒன்றுகூடத் தொடுவதில்லை. ஏன்? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

அவை பசிக்கு வரவில்லை, மூச்சுக்கு வருகின்றன. பகலில் பாசியும் கொடியும் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும். ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் காற்று மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியல்தான். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்து, காற்றும் அடிக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த நேரத்தில் என்ன இரை போட்டாலும் வீண். வெயில் நன்றாக ஏறும் வரை பொறுங்கள்.

போகிறபோது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, காற்று வந்து மோதும் கரை. மற்றது, சித்தூர்ப்புழை ஆற்றில் உள்ள மூலத்தறை தடுப்பணையிலிருந்து வரும் கால்வாய் ஏரியில் விழும் வாய். தமிழ்நாடு, கேரளம் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். கால்வாயில் அந்தத் தண்ணீர் ஓடும் நாட்களில் புதுத்தண்ணீரும் புழுபூச்சியும் தேடி ஜிலேபி மீனும் ரோகு கெண்டையும் அந்த வாயில்தான் நிற்கும். நட்டநடு ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு உட்காருவதைவிட இது மேல்.

ஒரு எச்சரிக்கை: விரால் எப்போதுமே மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன். ஒரே ஒரு 'பொளக்' சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஏரியில் காற்றுக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ரோகுவுக்குப் பிடித்து வைக்கும் மாவு முள்ளில் நிற்பதில்லை. தக்கையும் ஆடாமலேயே இரை காலியாகிவிடுகிறது. (வேலந்தாவளம் வாசகர்)

இரண்டு தனித்தனிக் கோளாறுகளை ஒன்றாக்கிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் மாவு. தவிடு மட்டும் பிசைந்தால் கரையும். மைதா மட்டும் என்றால் ரப்பர் மாதிரி ஆகி, மீன் வாயில் வைத்துத் துப்பிவிடும். அரிசித் தவிடு 200 கிராம், வெறும் சட்டியில் லேசாக வறுத்த கடலைப் புண்ணாக்குத் தூள் 100 கிராம், மைதா 75 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சப்பாத்தி மாவுக்குச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி அரை மணி நேரம் விடுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் பிசறிச் சேருங்கள். மாவை முள்ளோடு பிடித்து வைப்பது அந்த நார்தான். கிளம்பும் முன் ஒரு உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் உடையாமல் நின்று, அதன் பிறகு ஓரம் மெல்லக் கரைந்தால் சரி. உடனே உடைந்தால் மைதா கூட்டுங்கள்; அரை மணி ஆகியும் அப்படியே கிடந்தால் தவிடு கூட்டுங்கள்.

இனி தக்கை. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், ராடுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் சரி. தக்கையின் நுனி தண்ணீருக்கு மேல் அரை அங்குலம் மட்டும் தெரியும்படி ஈயக்குண்டு கோத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மிதந்தால், மீன் இரையை உறிஞ்சும்போது தக்கையை இழுக்கப் பலம் போதாது. இரை மட்டும் போகும்.

அடுத்து ஆழம். முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டி எறியுங்கள். தக்கை முங்கினால் முள்ளுக்கும் தக்கைக்கும் இடையே நரம்பு (தூண்டில் நூல்) போதவில்லை, தக்கையை மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்தால் நரம்பு அதிகம், இறக்குங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து நின்றால் அதுதான் தரை. மிர்கால் கெண்டைக்கு இரை தரையில் கிடக்கட்டும். ரோகுவுக்குத் தரையிலிருந்து அரை அடி மேலே. கட்லா மேல்தண்ணீர் மீன். அதற்குத் தரையை மறந்துவிடுங்கள். அது கடிப்பதில்லை, கரைந்து பரவும் தூளை உறிஞ்சும். ஸ்பிரிங்கைச் சுற்றி நாலைந்து சிறு முள் கட்டி, ஸ்பிரிங்கில் மாவு அப்பி, தண்ணீரின் மேல்பாதியில் தொங்கவிடுவது அதற்காகத்தான்.

தக்கை முங்குவதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். நின்ற தக்கை திடீரென எழும்பிப் படுத்தால், மீன் இரையை ஈயத்தோடு மேலே தூக்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் இழுக்க வேண்டும். உங்கள் "ஆடாத தக்கை" பல தடவை இப்படிப் படுத்திருக்கும். காற்று என்று நினைத்து விட்டிருப்பீர்கள்.

கேள்வி: ரப்பர் தவளையில் விரால் பாய்கிறது, ஆனால் முள்ளில் ஏறுவதில்லை. (பொள்ளாச்சி வாசகர்)

சத்தம் கேட்டதும் இழுத்துவிடுகிறீர்கள். விரால் தவளையை அடித்த பிறகுதான் வாய்க்குள் வாங்கும். ராடின் நுனியைத் தாழ்த்தி, இரண்டு மூன்று நொடி விட்டு, நரம்பு நகர்வது கையில் தெரிந்த பிறகு பலமாக இழுங்கள். விரால் வாய் முழுக்க எலும்பு. முள் நகத்தில் உரசினால் பிடிக்கும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். வழுக்கினால் அரம் போடுங்கள். கொடிக்குள் இழுத்துச் செல்லும் மீன் என்பதால் 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் போடுவது நல்லது. ஆகாயத்தாமரைக்கு நடுவே இரண்டு முதல் நான்கு அடி ஆழமுள்ள இடைவெளிகளைத் தாண்டி எறிந்து, தவளையை அதன் குறுக்கே இழுத்து வாருங்கள்.

செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் பந்து போலச் சுற்றினால் அங்கே எறியாதீர்கள். காவலுக்கு நிற்கும் பெரிய மீன் கோபத்தில் எதையும் அடிக்கும், பிடிப்பது சுலபம்தான். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் ஜிலேபிக்கு இரை.

கேள்வி: வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு அணைகளில் தூண்டில் போடலாமா? (முதலமடை வாசகர்)

அந்த அணைகளின் மீன்பிடி உரிமை கூட்டுறவு சங்கங்களிடம் இருக்கிறது. முதலில் சொசைட்டியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆழியாற்றில் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தைக் கேட்க வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் பரம்பிக்குளத்தை நினைக்கவே வேண்டாம். அமராவதி அணையில் முதலைகள் உண்டு. தண்ணீர் ஓரம் உட்காருவதே ஆபத்து.

முதல் மழையில் வயலேறும் ஊத்தா மீனைப் பிடிப்பது கேரளத்தில் குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. அவை முட்டையிட ஏறும் மீன்கள்.

கேள்வி: தேளி மீன் குத்தினால் என்ன செய்வது? (மீனாட்சிபுரம் வாசகர்)

கேரளப் பக்கம் காரி என்பார்கள். செவுளுக்குப் பின்னால் உள்ள இரு முள்ளிலும் விஷம் உண்டு. காயத்தைக் கழுவி, உடைந்த முள் இருந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். வலியில் சூடு தெரியாது. அடிபடாத கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்துங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக ஆஸ்பத்திரிதான். அடுத்த முறை மீனைக் கையால் அள்ளாமல் ஈரச்சாக்கில் அமுக்கிப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

கேள்வி: ஏரி ஜிலேபியில் சேற்று வாடை போக? (சித்தூர் வாசகர்)

வாடை சேற்றால் அல்ல, பாசியும் நுண்ணுயிரும் விடும் பொருளால் வருகிறது. உயிரோடு இருந்தால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரை போடாமல் இரண்டு மூன்று நாள் விடலாம். இல்லையென்றால் தோலை உரித்து, வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புச் சவ்வை உப்புப் போட்டுத் தேய்த்து எடுத்து, கெட்டிப் புளிக்கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். குழம்புக்குக் குடம்புளி போட்டால் இன்னும் நல்லது.