மேசியா: யூதர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இயேசு யூதர். அவருடைய சீடர்களும் யூதர்கள். பிறகு ஏன் யூதர்கள் அவரை மேசியாவாக ஏற்கவில்லை? வெறும் பிடிவாதம்தான் காரணம் என்கிறார்களே, சரியா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பிடிவாதம் என்பது அநியாயமான பழி. இரு தரப்பாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு ஆளைத் தேடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'மாஷியாக்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். கிரேக்கத்தில் அது 'கிறிஸ்டோஸ்'. கிறிஸ்து என்ற சொல் அதிலிருந்து வந்தது. அந்த எண்ணெய்க்கு அளவுகூட எழுதப்பட்டிருக்கிறது. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரப்படி வெள்ளைப்போளம் 500 சேக்கல் (பழைய எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின். தமிழ் வேதாகமம் ஹின்னை 'ஒரு குடம்' என்கிறது. நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை நினைத்துவிட வேண்டாம், ஹின் என்பது சில லிட்டர்தான். ஆரோனுக்கும் அவர் மகன்களுக்கும் இந்த எண்ணெயைப் பூசி ஆசாரியராக்கினார்கள். சவுல், தாவீது, சாலொமோன் ஆகியோரும் எண்ணெய் வார்க்கப்பட்டே அரசரானார்கள்.

ஆக, சவுலும் ஒரு மாஷியாக். யூதரே அல்லாத பாரசீக மன்னர் கோரேசையும் ஏசாயா 45:1 இதே சொல்லால் குறிக்கிறது. தமிழில் வாசிப்பவர் கண்ணில் இது படாது. ஏசாயாவில் 'அபிஷேகம்பண்ணின கோரேசு' என்றும், தானியேல் 9:25-இல் 'மேசியா' என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மூலத்தில் இரண்டும் ஒரே சொல். இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்: எபிரேய வேதத்தில் அது மனிதருக்குத் தரும் பதவிப் பெயர், தெய்வத்தின் பெயர் அல்ல.

கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை இடித்தார்கள். தாவீது வம்சத்து ஆட்சி அதோடு முடிந்தது. அதே வம்சத்தில் ஓர் அரசர் மீண்டும் எழுவார் என்ற நம்பிக்கை அதன்பின் வேர்பிடித்தது. அவர் நாளில் என்ன நடக்கும் என்பதைத் தீர்க்கதரிசிகள் தெளிவாகச் சொல்கிறார்கள். சிதறிய மக்கள் நாடு திரும்புவார்கள், தேவனுடைய பரிசுத்த ஸ்தலம் அவர்கள் நடுவே என்றைக்கும் இருக்கும் (எசேக்கியேல் 37). பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் (ஏசாயா 2:4). கர்த்தரை அறிகிற அறிவு பூமியை நிரப்பும் (ஏசாயா 11:9).

இதெல்லாம் நடந்துவிட்டதா என்பதே யூதர்களின் கேள்வி. 1263-இல் பார்சலோனாவில் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய பாப்லோ கிறிஸ்தியானி என்ற துறவியோடு ரப்பி (யூத மத போதகர்) நாக்மனிடஸ் வாதிட வேண்டியிருந்தது. இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று அவர் எடுத்துக் காட்டினார். கிறிஸ்தவர்களின் பதில் வேறு: தேவராஜ்யம் தொடங்கிவிட்டது, இரண்டாம் வருகையில் நிறைவடையும். அது கிறிஸ்தவத்துக்குள் முழுப் பொருளுள்ள பதில். ஆனால் மேசியா யார் என்பது கிறிஸ்தவரின் முதல் கேள்வி. அவர் என்ன செய்து முடித்தார் என்பது யூதரின் முதல் கேள்வி.

கேள்வி: ஒருவர் மேசியாவா இல்லையா என்று கண்டுபிடிக்க யூத மதத்தில் விதிமுறை ஏதாவது உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: உண்டு, அதுவும் சட்டப் புத்தகத்திலேயே. 1204-இல் மறைந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் எழுதிய 'மிஷ்னே தோரா'வில் அரசர்களைப் பற்றிய பகுதியின் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இரண்டு படிகள் வைக்கிறார். தாவீது வம்சத்தில் ஓர் அரசர் எழுந்து, மோசேயின் நியாயப்பிரமாணமான தோராவைக் கற்று, கட்டளைகளைக் கைக்கொண்டு, இஸ்ரவேலர் அனைவரையும் அதன்படி நடக்கவைத்து, கர்த்தருடைய போர்களை நடத்தினால், அவரை மேசியா என்று அனுமானிக்கலாம். இது முதல் படி, உறுதி ஆகாது. அதன்பின் வெற்றிபெற்று, ஆலயத்தை அதன் இடத்தில் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்தால்தான் அவர் நிச்சயமாக மேசியா. வெற்றி பெறாவிட்டாலோ கொல்லப்பட்டாலோ, தோரா வாக்களித்தவர் அவர் இல்லை.

அற்புதம் செய்து காட்டும்படி கேட்க வேண்டியதில்லை என்றும் அங்கேயே எழுதுகிறார். செத்தவரை எழுப்பினாரா, நீர்மேல் நடந்தாரா என்பது இந்தச் சோதனையில் கணக்கிலேயே வராது. நம்மூரில் நடக்கும் மத விவாதங்கள் பெரும்பாலும் தடம் புரள்வது இங்கேதான். ஒரு தரப்பு அற்புதங்களை அடுக்குகிறது, மறு தரப்பு அவற்றைக் கேட்கவே இல்லை.

மைமோனிடஸ் காட்டும் உதாரணம் பார் கோக்பா. கி.பி. 132 முதல் 135 வரை ரோமப் பேரரசை எதிர்த்துப் போராடிய தலைவர். 'யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம்' என்ற எண்ணாகமம் 24:17 வசனத்தை அந்தக் காலத்தின் மாபெரும் அறிஞரான ரப்பி அகிவா அவருக்குப் பொருத்தினார். "அகிவா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் மகன் வந்திருக்கமாட்டான்" என்று யோகனான் பென் தோர்தா மறுத்ததை, ரப்பிகளின் விவாதத் தொகுப்பான எருசலேம் தல்மூத் பதிவு செய்கிறது. பேத்தார் கோட்டை விழுந்தது, பார் கோக்பா மாண்டார், கேள்வியும் முடிந்தது. அகிவாவின் கணிப்பு தவறியது. ஆனால் இன்றுவரை யாரும் அவரை மத விரோதி என்று சொன்னதில்லை. மேசியா யார் என்பதில் தவறுவது யூதருக்குக் கணிப்புப் பிழைதான்.

அதே அதிகாரத்தில், தணிக்கைக்குப் பயந்து பல அச்சுப் பதிப்புகளில் விடுபட்ட ஒரு பத்தி உண்டு. கிறிஸ்தவமும் இஸ்லாமும் மேசியாவைப் பற்றிய பேச்சையும் தோராவின் கட்டளைகளையும் தொலைதூரத் தீவுகள்வரை கொண்டுபோய், வரப்போகும் அரசருக்கு வழியைச் செப்பனிடுகின்றன என்று அதில் சொல்கிறார். இயேசுவைக் கடுமையாக மறுக்கும் அதே பத்தியில் இதுவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கேள்வி: ஏசாயா 53-ஐ வாசித்தால் சிலுவைப்பாடு கண்முன் நிற்கிறது. 'கன்னிகை கர்ப்பவதியாகி' என்ற 7:14-உம் அப்படியே. யூதர்கள் இந்த அதிகாரங்களை வாசிப்பதே இல்லையா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வாசிக்கிறார்கள் அம்மா. தொடங்கும் இடம்தான் வேறு. அந்தப் பாடல் 53:1-இல் தொடங்கவில்லை, 52:13-இல் 'இதோ, என் தாசன்' என்று தொடங்குகிறது. யார் இந்தத் தாசன்? சில பக்கங்கள் பின்னால் போங்கள். 41:8, 44:1, 49:3 மூன்றிலும் இஸ்ரவேலே தாசன் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே பாடுபடும் தாசன் என்பது ஜாதிகளிடையே அடிபடும் இஸ்ரவேல் ஜனம் என்பது வேத உரையாசிரியர் ரஷி (1040–1105) தந்த விளக்கம். இன்று யூதரிடையே பெரும்பான்மை வாசிப்பு அதுவே.

ஆனால் யூதர் யாருமே அதை மேசியாவோடு இணைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் யோனத்தான் 52:13-இலேயே 'மேசியாவாகிய என் தாசன்' என்று எழுதுகிறது. கூடவே, பாடுகளை மட்டும் அவர்மேல் வைக்காமல் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. வாதத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு பாதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

7:14-இல் உள்ள எபிரேயச் சொல் 'அல்மா', அதாவது இளம்பெண். கன்னி என்று குறிப்பாகச் சொல்ல 'பெதுலா' என்ற சொல் உண்டு என்பது யூதரின் வாதம். இயேசுவுக்கு முந்தைய யூத மொழிபெயர்ப்பாளர்களே கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' என்று போட்டார்களே என்பது கிறிஸ்தவரின் வாதம். ஆனால் அதே கிரேக்க மொழிபெயர்ப்பு ஆதியாகமம் 34:3-இல், கெடுக்கப்பட்ட பிறகும் யாக்கோபின் மகள் தீனாளை 'பார்த்தெனோஸ்' என்கிறது. ஒரே சொல்லை வைத்து வழக்கு முடியாது. அதைவிடச் சூழல் முக்கியம். இரண்டு அரசர்கள் படையெடுத்துவர, நடுங்கிப்போயிருக்கும் யூதாவின் ஆகாஸ் ராஜாவுக்குத் தரப்படும் அடையாளம் அது. பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த எதிரிகளின் நாடு வெறுமையாகும் என்று 7:16 சொல்கிறது. எழுநூறு ஆண்டு கழித்து நடப்பது ஆகாசுக்கு எப்படி அடையாளமாகும் என்று யூதர் கேட்கிறார்கள். தீர்க்கதரிசனம் இருமுறை நிறைவேறலாம் என்பது கிறிஸ்தவர் பதில்.

ஒப்பிட்டு வாசிக்கும்போது ஒரு தொல்லை: வசன எண்கள் மாறும். நம் ஏசாயா 9:6 யூதர் பதிப்பில் 9:5. நம் மல்கியா 4:5 அவர்களுக்கு 3:23. புத்தக வரிசையும் வேறு. கிறிஸ்தவரின் பழைய ஏற்பாடு எலியா வருவார் என்ற மல்கியாவின் வாக்கோடு முடிந்து மத்தேயுவை நோக்கி நிற்கும். யூதரின் வேதமான தனாக் நாளாகமத்தோடு முடியும். அதன் கடைசிச் செய்தி, எருசலேமுக்குப் புறப்பட்டுப் போகலாம் என்று கோரேசு விடுத்த உத்தரவு. அதே 'அபிஷேகம்பண்ணப்பட்ட' கோரேசு!

கேள்வி: மேசியா பாவத்தைச் சுமக்காவிட்டால் யூதருக்குப் பாவமன்னிப்பு எப்படிக் கிடைக்கும்?
– வேளாங்கண்ணி வாசகி

பதில்: பிறப்பிலேயே ஒட்டிவரும் ஆதிபாவம், அதைத் தீர்க்க ஒரு மீட்பர் என்ற ஏற்பாடு யூத மதத்தில் இல்லை. ஆகவே மேசியாவின் வேலைப் பட்டியலில் பாவபரிகாரம் மையமாக இல்லை. மன்னிப்புக்கு வழி 'தெஷுவா', அதாவது திரும்புதல். செய்த பாவத்தை விட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று மனதில் தீர்மானிக்க வேண்டும், வருந்த வேண்டும், வாயால் அறிக்கையிட வேண்டும். அடுத்தவருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள்கூடத் தீர்க்காது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அவர் மன்னிக்க மறுத்தால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் அப்படியே. அதற்கும் இணங்காவிட்டால் விட்டுவிடலாம். இறந்துபோயிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், கடவுளுக்கும் இவருக்கும் பாவம் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: இரண்டாம் வருகை போன்ற நம்பிக்கை யூதரிடம் உண்டா? தேதி குறிப்பவர்கள் உண்டா?
– கோவை வாசகர்

பதில்: ஒருவரே இரண்டு முறை வருவது பொதுவான யூத நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு மேசியாக்கள் உண்டு. தாவீதின் மகனுக்கு முன் யோசேப்பின் மகனான ஒரு மேசியா வந்து கொல்லப்படுவார் என்று தல்மூத் பேசுகிறது. 1994 ஜூன் 12-இல் மறைந்த லூபவிட்ச் என்ற ஹசீதிய (பக்தி இயக்க) யூதப் பிரிவின் தலைவர் ரப்பி மெனாகெம் மெண்டல் ஷ்நீயர்சனே மேசியா என்று அவரைப் பின்பற்றுபவர்களில் ஒரு பிரிவினர் இன்றும் நம்புகிறார்கள். மற்ற ரப்பிகள் இதை வன்மையாக எதிர்ப்பதற்கு மைமோனிடஸின் அந்த விதியே காரணம்.

தேதி குறிப்பவர்களின் எலும்பு உளுத்துப்போகட்டும் என்று தல்மூத் சபிக்கிறது. சாபத்துக்குக் காரணம் இருக்கிறது. குறித்த நாள் வந்து மேசியா வராவிட்டால் மக்கள் நம்பிக்கையையே கைவிடுவார்கள். 1665-இல் ஸ்மிர்னாவைச் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) சேர்ந்த சப்பத்தாய் ட்ஸ்வி மேசியா என்று காஸாவின் நாத்தான் அறிவித்தபோது ஐரோப்பாவிலும் உதுமானிய நாட்டிலும் யூதக் குடும்பங்கள் சொத்தை விற்றுப் புனித நாட்டுப் பயணத்துக்குத் தயாராகின. 1666 செப்டம்பரில் சுல்தான் முன்னிலையில் அவர் இஸ்லாமுக்கு மாறினார். அந்தக் காயம் தலைமுறைகளுக்கு ஆறவில்லை.

கேள்வி: இஸ்ரேல் நாடு உருவானதே மேசியா காலத்தின் தொடக்கம்தானா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: யூதரிடையே ஒருமித்த பதில் கிடையாது. 1948-இல் இயற்றப்பட்ட நாட்டுக்கான ஜெபம் இஸ்ரேலை 'எங்கள் மீட்பின் முதல் துளிர்' என்கிறது. மதப்பற்றுள்ள சீயோனியர் (யூதருக்குச் சொந்த நாடு வேண்டும் என்போர்) அதை ஏற்கிறார்கள். சத்மார் ஹசீதியர் என்ற தீவிர மரபுவாதிகள் முற்றாக மறுக்கிறார்கள். மேசியாவுக்கு முன் பலவந்தமாக நாட்டைப் பிடிக்கக் கூடாது என்பதற்குத் தல்மூத்தில் வரும் மூன்று சத்தியப்பிரமாணங்களை ஆதாரம் காட்டுகிறார்கள். சீர்திருத்த யூதர்களோ 1885-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அறிக்கையிலேயே ஒரு நபரை எதிர்பார்ப்பதை விட்டு, உண்மையும் நீதியும் சமாதானமும் நிலவும் காலத்தை எதிர்பார்த்தார்கள். ஜெபத்தில் 'மீட்பர்' என்ற சொல்லையே 'மீட்பு' என்று மாற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: பஸ்கா விருந்தில் எலியாவுக்கு வெறும் கோப்பை வைப்பார்களாமே, எதற்கு?
– திருச்சி வாசகி

பதில்: வெறும் கோப்பை இல்லை, திராட்சரசம் நிறைந்த கோப்பை. அன்றிரவு ஒவ்வொருவரும் நான்கு கோப்பை அருந்த வேண்டும். யாத்திராகமம் 6:6, 7 வசனங்களில் விடுதலையைச் சொல்லும் நான்கு வாக்குகளுக்கு அவை நிகர். ஐந்தாவது வாக்கு 6:8-இல், நாட்டுக்குக் கொண்டுபோவேன் என்பது. அதற்கும் ஒரு கோப்பை வேண்டுமா, வேண்டாமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அதனால் அந்த ஐந்தாவது கோப்பையை ஊற்றி வைப்பார்கள், குடிக்கமாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் வாசல் கதவைத் திறப்பார்கள். தீராத வழக்குகளை, மேசியாவுக்கு முன் வரும் எலியா வந்து தீர்ப்பார் என்பது மரபு. இந்தக் கோப்பை வழக்கும் அவருக்காகக் காத்திருக்கிறது.