ஊர்க்குளத்துக்குப் பணம் அனுப்பும் முன் மண்ணைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: அறந்தாங்கிப் பக்கம் ஒரு சின்ன பேரூராட்சிதான் எங்கள் ஊர். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஊரில் உள்ள நாலு ஏக்கர் குளத்தைத் தூர்வாரி, கரையில் பனை வைக்க நினைக்கிறோம். பாதிப் பேர் சிங்கப்பூர்க் குடிமக்கள். மாமா மகனுக்குத் தெரிந்த ஒருவர், "ஆறடி வெட்டித் தருகிறேன், அனுமதி எல்லாம் என் பொறுப்பு, ஒன்பது லட்சத்தை என் கணக்கில் போட்டுவிடுங்கள்" என்கிறார். போடலாமா? (யீஷூன் வாசகர்)

பதில்: போடாதீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்த ஆறடி மேல்தான்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாலு ஏக்கரில் ஆறடி வெட்டினால் சுமார் பத்தரை லட்சம் கன அடி மண். ஊரில் மண்ணை யூனிட்டில் பேசுவார்கள், 100 கன அடி ஒரு யூனிட். ஆக, பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல். டிப்பருக்கு மூன்று யூனிட் என்றால் ஏறக்குறைய 3,500 நடை. கரையோரம் சரிவு விட்டு வெட்டினாலும் ஆயிரக்கணக்கில் வரும். இத்தனை மண்ணும் எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டீர்களா? மனைப் பிரிவு போட்டவனுக்கும் செங்கல் சூளைக்காரனுக்கும் மண் வேண்டும், அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அள்ளுவதற்கு உங்களிடம் கூலி, விற்பதற்கு அவர்களிடம் விலை. இந்த இரட்டை வரும்படிக்குத்தான் பல ஊர்களில் 'தூர்வாருதல்' என்று பெயர். கல்வெட்டில் உங்கள் பன்னிரண்டு பேரின் பெயர் இருக்கும், வழக்கு வந்தால் அதே பெயர்களைப் படித்துத்தான் கூப்பிடுவார்கள்.

குளத்து வண்டலை விவசாயி தன் வயலுக்கு இலவசமாக எடுக்க விதியில் இடம் உண்டு, மண்பாண்டம் செய்பவர்களுக்கும் உண்டு. முன்பு அதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. 2024ல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று மாற்றினார்கள். விண்ணப்பிக்க வேண்டியவர் விவசாயி. "என் பொறுப்பு" என்று சொல்லும் இட்டாச்சிக்காரர், அதாவது மண் வெட்டும் இயந்திரக்காரர், யார் பெயரில் அனுமதி வாங்கப் போகிறார்? அந்தத் தாளின் நகல் கையில் வராமல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி கூட நகரக்கூடாது.

அப்புறம், ஆழம் வெட்டினால் தண்ணீர் நிற்கும் என்பதே பாதிப் பொய். குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டி வெட்டினால் கரை சரியும். ஆங்காங்கே பள்ளம் விழுந்த குளத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் மூழ்குகிறார்கள். உங்கள் குளத்துக்கு ஓரடி, ஒன்றரை அடி வண்டலை எடுத்தாலே தாராளம்.

உண்மையில் குளம் காய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஆழக்குறைவே இல்லை, மழைத்தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் வரத்துவாரி அடைபட்டதுதான். நான் பொறியாளராக இருந்த காலத்தில் ஒரு குளத்தை அழகாக வெட்டிக் கொடுத்தோம். ஐப்பசியில் ஊரெல்லாம் மழை, குளத்தில் கணுக்கால் தண்ணீர். வாய்க்காலைத் தேடி நடந்தால், அது ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் போய் முடிகிறது. மேலே சிமென்ட் கல் பதித்து, ஓரத்தில் குரோட்டன்ஸ் செடி வேறு. வெட்டுவதற்கு முன் நடந்து பார்க்காதது எங்கள் தப்பு.

ஆகவே முதல் வேலை இதுதான். தமிழக அரசின் இணையச் சேவையில் உங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) யீஷூனில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். குளத்தின் புல எண்ணில் என்ன புறம்போக்கு என்று எழுதியிருக்கிறது? வரத்து வாய்க்காலுக்குத் தனி எண் இருக்கிறதா? கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை, பேரூராட்சிக் குளம் என்றால் செயல் அலுவலர். பிறகு லீவில் போகும்போது அந்தப் படத்தோடு ஆடு மேய்க்கும் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வாய்க்காலை நடந்து பாருங்கள். சர்வேயரை விட அவருக்குத் தெரியும்.

இங்கே சிங்கப்பூரில், பீஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் ஆறாக வளைத்துவிட்டார்கள், தண்ணீரைப் பார்க்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் உட்கார்ந்து பேசி 2012ல் வேலையை முடித்தாயிற்று. ஊரில் குளத்துத் தண்ணீருக்கு ஒரு அலுவலகம், மண்ணுக்குக் கனிமவளத் துறை, ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை, மீனுக்கும் மரத்துக்கும் ஏலம். ஒரு கோப்பு இந்த மேசைகளைச் சுற்றி வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

இப்போது பணம். இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் (2010) பார்ப்பது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை அல்ல, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இருபது வருடமாக இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டீர்களா, அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருக்கிறதே என்பார்கள். அட்டை விசாவுக்கு உதவும், இதற்கு உதவாது. அப்பா அம்மா ஊரிலேயே இருக்கிறார்களே என்பார்கள், அதுவும் உதவாது. சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆறு பேரின் பணத்தை வாங்க வேண்டுமானால் அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், அதுவும் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். அறந்தாங்கியில் இட்டாச்சி ஓட்டுபவரிடம் அந்தக் கணக்கு இருக்காது. எல்லார் பணத்தையும் ஒருவர் கணக்கில் சேர்த்து மொத்தமாக அனுப்பினீர்களானால், எது யாருடையது என்று பிறகு பிரித்துக் காட்ட முடியாது. தயவுசெய்து கலக்காதீர்கள்.

சிங்கப்பூர் தேக்காவில் உண்டியல் வைக்கலாம், வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், திரண்டதில் செலவு போக 80 விழுக்காடு பொதுவாகச் சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும். உங்களுக்குள் மட்டும் போடுவதென்றாலும் அந்த அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ள ஆறு பேருக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. ஊர்க்காரர் ஒரு பங்கு, அரசு மீதி. செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், ரசீது வரும். தாமதமாகும், ஆனால் மண் எங்கே போனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும்.

பனை விதை நல்ல யோசனை. ஆவணி, புரட்டாசியில் கரையின் வெளிச்சரிவில் ஊன்றச் சொல்லுங்கள், பெரிய செலவே இல்லை. மியாவாக்கி குறுங்காடு (மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் ஜப்பானிய முறை) விற்க வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். சீமைக் கருவேலத்தை வெட்ட யாராவது பணம் கேட்டால் சிரித்துவிடுங்கள், அது கரிமூட்டத்துக்கு விலை போகும் மரம். வேரோடு பிடுங்கினால்தான் உண்டு, மேலாக வெட்டினால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும்.

மாமா மகனுக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "குளத்தின் புல எண் என்ன, மண் யார் வயலுக்குப் போகிறது, அனுமதி யார் பெயரில்?" மூன்றுக்கும் பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், யூனிட் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.